அரைப் புள்ளி புளிப்புல அவுந்து போற மருந்துப் பொட்டலம்

சித்திரை வெயில்ல பால் பாக்கெட்ட ஃப்ரிட்ஜுல வைக்க மறந்துட்டு சாயங்காலம் காபிக்கு அடுப்புல ஏத்தினா என்ன ஆகும்னு எல்லா வீட்டுலயும் தெரியும். பாக்கெட்ட வெட்டி ஊத்தும்போது நல்ல பால் மாதிரியேதான் இருக்கும், மோந்து பாத்தாலும் பெருசா ஒண்ணும் தெரியாது, சூடு ஏற ஏற திடீர்னு ஒரு நிமிஷத்துல திரிஞ்சு கட்டி தனியா தண்ணி தனியா நின்னுடும். நம்ம நாக்குக்கே பிடிபடாத அளவு புளிப்பு உள்ள ஏறியிருக்கு, ஆனா பாலுக்குள்ள மிதக்கற ஏதோ ஒண்ணுக்கு அது நல்லாவே தெரிஞ்சிருக்கு.

அந்த ஏதோ ஒண்ணுக்குப் பேரு கேசீன் மைசெல். பாலோட வெள்ளை நிறத்துக்குப் பெரும்பங்கு காரணமே இதுதான், 100-லேர்ந்து 200 நானோமீட்டர் சைஸ்ல புரதச் சங்கிலிங்க ஒண்ணா சேந்து சுருண்ட உருண்டைங்க, வெளிப்பக்கம் கப்பா கேசீன்னு ஒரு வகை புரதம் தலைமுடி மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கறதாலதான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம மிதக்குது. புளிப்ப அளக்கற நம்பர் பிஹெச், அது குறையக் குறைய புளிப்பு அதிகம், நல்ல பாலோட பிஹெச் 6.7 பக்கம். லாக்டிக் ஆசிட் சேந்து அது 4.6-க்கு இறங்கினா சூடே வேண்டாம், தானா தயிராயிடும். கொஞ்சம்தான் இறங்கியிருக்குன்னா சூடு மீதி வேலைய முடிச்சிடும்.

இதையேதான் இன்னொரு கோஷ்டி வேற காரணத்துக்காக 30 வருஷத்துக்கு மேல செஞ்சு பாத்துட்டு இருக்காங்க. மாட்டுக்குப் பதிலா லேப்ல, புரதச் சங்கிலியோட மணிங்களான அமினோ ஆசிட்ட கோத்து சங்கிலி பண்ணி, அத உருண்டையா சுருள வெச்சு, உள்ள புற்றுநோய் மருந்த அடைச்சு, ரத்தத்துல சும்மா போயிட்டு புளிப்பான எடத்துக்குப் போனதும் அவுந்துடணும்னு. பிஹெச்சுக்கு அசையற பாலிமர் மைசெல்னு சொல்றது இதத்தான். கேக்க அவ்வளவு அழகா இருக்கற ஐடியா ஏன் ஆஸ்பத்திரி வரைக்கும் வர்றதுக்கு இவ்வளவு திணறுதுங்கறதுதான் எனக்கு இதுல சுவாரஸ்யமான பகுதி, அதுக்குப் போறதுக்கு முன்னாடி பொட்டலம் எப்படி மடிக்கறாங்கன்னு பாத்துடலாம்.

பிளாக் கோபாலிமர்னா ஒரே சங்கிலியில ரெண்டு துண்டு. பாதி சங்கிலிக்கு தண்ணி பிடிக்கும், மீதி பாதிக்கு தண்ணின்னா ஆகாது. தண்ணி பிடிச்ச பாதிக்கு பெரும்பாலும் பாலி எத்திலீன் கிளைக்கால், சுருக்கமா பெக்னு சொல்லுவாங்க, மலச்சிக்கலுக்கு தண்ணில கரைச்சுக் குடிக்கற பவுடர்ல இருக்கறதும் இதே குடும்பம்தான், ஒண்ணும் பயப்படற சமாச்சாரம் இல்ல. மீதி பாதி அமினோ ஆசிட் சங்கிலி. இந்த சங்கிலிங்கள தண்ணில விட்டா தண்ணி ஆகாத பாதியெல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஒளிஞ்சு நடுவுல உருண்டையாயிடும், பெக் வெளிய முடி மாதிரி நிக்கும். சோப்பும் இதையேதான் பண்ணுது, ஆனா சோப்ப நெறைய தண்ணி ஊத்தி நீர்த்துட்டா உருண்டை கலைஞ்சுடும். ஷாம்பூல போடற சோடியம் லாரைல் சல்ஃபேட்டுக்கு லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல இருந்தாத்தான் மைசெல் நிக்கும், இந்த பிளாக் கோபாலிமர்ல சிலது லிட்டருக்கு 2, 3 மில்லிகிராம் இருந்தாலே நிக்கும், அதாவது ஆயிரத்துல ஒரு பங்கு. ஊசி மூலமா ரத்தக்குழாய்ல ஏத்தற மருந்து 5 லிட்டர் ரத்தத்துல கலக்கும்போது கலையாம இருக்கணும்னா இந்த பிடிவாதம் வேணும்.

எதுக்கு இவ்வளவு கஷ்டப்பட்டு பொட்டலம் கட்டணும்? புற்றுநோய் மருந்துல பல மருந்துக்கு தண்ணியே ஆகாது. பாக்ளிடாக்ஸெலையே எடுத்துக்கங்க, அது தண்ணில கரையாதுன்னு ஆமணக்கு எண்ணெய்லேர்ந்து பண்ணுன ஒரு திரவத்தையும் ஆல்கஹாலையும் கலந்து அதுலதான் கரைச்சுக் குடுத்தாங்க, இப்பவும் பல எடத்துல அப்படித்தான். அந்த எண்ணெய் சமாச்சாரத்துக்கே சிலருக்கு அலர்ஜி வந்துடும்னு முன்கூட்டியே ஸ்டீராய்டு போட்டுட்டுத்தான் மருந்து ஏத்துவாங்க, மருந்துக்கு முன்னாடி மருந்து. டாக்ஸோரூபிசின் வேற ரகம், நல்ல செவப்பு கலர்ல பையில தொங்குமே அது, ஏத்தின பிறகு ஒண்ணுக்குப் போனாக்கூட செவப்பா போகும், அது இதயத்த கெடுக்கற மருந்துங்கறதால வாழ்நாள்ல ஒரு ஆளுக்கு மொத்தம் இவ்வளவுக்கு மேல குடுக்கக்கூடாதுன்னு கணக்கு வெச்சிருக்காங்க. இதெல்லாம் புற்றுநோய்க் கட்டிக்குள்ள மட்டும் இறங்கினா எவ்வளவு நல்லா இருக்கும்ங்கறதுதான் ஆசை.

இப்ப பிஹெச். ரத்தம் 7.4, இதுல உடம்பு ரொம்ப கறார், 7.35-க்குக் கீழ போனாலே டாக்டருங்க கவலைப்படுவாங்க. புற்றுநோய்க் கட்டி சர்க்கரைய அரைகுறையா எரிச்சு லாக்டிக் ஆசிட்ட வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும், ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920-கள்லயே கவனிச்ச விஷயம், அதனால கட்டிக்குள்ள செல்லுக்கு வெளிய இருக்கற திரவம் 6.5-லேர்ந்து 7 சொச்சம் வரைக்கும் இருக்கும். இது ஒரு புளிப்பு. இன்னொரு புளிப்பு செல்லுக்கு உள்ள, செல் எதையாவது விழுங்கினா அத ஒரு பையில போட்டு எண்டோசோம்னு எடுத்துட்டுப் போவும், அந்தப் பையோட சுவர்ல புரோட்டான, அதாவது ஹைட்ரஜன் அயனிய, உள்ள தள்ளற பம்ப் இருக்கு, அது ஓட ஓட பிஹெச் 6.5, அப்புறம் 5.5, கடைசில லைசோசோம்னு செல்லோட ஜீரணப் பையில 5-க்கும் கீழ.

7.4-க்கும் 6.8-க்கும் வித்தியாசம் என்ன பெருசுன்னு தோணும். பிஹெச் மடக்கைக் கணக்கு, அதனால 6.8-ல ஹைட்ரஜன் அயனி ரத்தத்துல இருக்கறத விட 4 மடங்கு. பிஹெச் 5-ல 250 மடங்கு. இந்த 4-யும் 250-யும் மனசுல வெச்சுக்கங்க, இந்தக் கதையோட மொத்த சண்டையும் அங்கதான்.

ஆரத்தித் தட்டுல மஞ்சத்தண்ணில ஒரு சிட்டிகை சுண்ணாம்பு விழுந்ததும் செவப்பாகுதே, அந்த மாதிரி ஒரு மூலக்கூறு புரோட்டான வாங்கறதாலயோ விடறதாலயோ ஆளே மாறணும். அமினோ ஆசிட் 20-ல இந்த வேலைக்கு ஆகறது கொஞ்சம் பேருதான். குளுட்டாமிக் ஆசிடும் அஸ்பார்ட்டிக் ஆசிடும் ரத்தத்துல மைனஸ் சார்ஜோட தண்ணில கரைஞ்சு இருக்கும், பிஹெச் 4 பக்கம் வந்தாத்தான் சார்ஜ இழந்து சுருண்டு கட்டியாகும், கேசீன் கட்டியாகறதும் கிட்டத்தட்ட இந்த வழிதான். லைசீன் நேர் எதிர், 10-க்கு மேல போனாத்தான் சார்ஜ விடும். ரெண்டுமே உடம்புக்குள்ள நடக்காத பிஹெச்.

ஆனா இதுங்கள வெச்சு பண்ணுன ஒரு வேலைய சொல்லாம போக மனசு வரல. 2005-ல பிரான்ஸ்ல போர்தோல லெகமாந்து குழு 15 குளுட்டாமிக் ஆசிட்டையும் 15 லைசீனையும் ஒட்டி ஒரே ஒரு சின்ன சங்கிலி பண்ணாங்க. பிஹெச் 4-க்குக் கீழ குளுட்டாமிக் பக்கம் உள்ள போய் ஒளிஞ்சுக்கும், லைசீன் வெளிய நிக்கும், பை மாதிரி ஒரு உருண்டை. நடுவுல எல்லாமே கரைஞ்சுடும். 10-க்கு மேல போனா லைசீன் உள்ள போயிடும், குளுட்டாமிக் வெளிய வந்துடும். சட்டைய உள்பக்கம் வெளிய திருப்பிப் போட்டாப்புல. மருந்துக்கு நேரடியா ஒரு உபயோகமும் இல்ல, ஆனா இத முதல்ல படிச்ச அன்னிக்கு நான் ரெண்டு பேருக்கு போன் போட்டுச் சொன்னேன், ரெண்டு பேருமே "சரி, அதுக்கென்ன"ன்னாங்க.

உடம்போட எல்லைக்குள்ள வேலை செய்யற ஒரே அமினோ ஆசிட் ஹிஸ்டிடின். அதோட பக்கச் சங்கிலில இமிடசோல்னு ஒரு வளையம், தனியா இருந்தா 6 பக்கம், சங்கிலியா கோத்தா 6.5 பக்கம் புரோட்டான வாங்கும். நம்ம ஹீமோகுளோபினே இந்த சுவிட்ச வெச்சிருக்கு, உழைக்கற தசைல புளிப்பு ஏறினதும் ஆக்ஸிஜன இறக்கி வைக்கறதுக்கு சில ஹிஸ்டிடினுங்க புரோட்டான் வாங்கறதும் ஒரு காரணம். 6.5-ன்னு வெச்சு கணக்குப் போட்டா, சங்கிலில 100 ஹிஸ்டிடின் இருந்தா ரத்தத்துல 11-க்கு மட்டும் சார்ஜ் இருக்கும், பிஹெச் 6.8-ல 33-க்கு, பிஹெச் 5-ல 97-க்கு. சார்ஜ் இல்லாதப்ப தண்ணி ஆகாது, உள்ள ஒளிஞ்சுக்கும். சார்ஜ் வந்தா ஒண்ண ஒண்ணு தள்ளும், தண்ணில கரையும், உருண்டை அவுந்துடும். பால் திரியறதுக்கு நேர் தலைகீழ், அது புளிப்புல கட்டியாகுது, இது புளிப்புல கரையுது. சங்கிலில பக்கத்துப் பக்கத்துல இருக்கறவங்க சார்ஜ் ஒண்ண ஒண்ணு பாதிக்கறதால நிஜத்துல இவ்வளவு சுத்தமா நடக்காது, ஆனா போக்கு இதான்.

2003-ல அமெரிக்காவுல யூட்டா பல்கலைக்கழகத்துல யூ ஹான் பே குழு இத செஞ்சு காட்டுச்சு. 5,000 மூலக்கூறு எடையுள்ள பாலி ஹிஸ்டிடின், அதாவது ஹிஸ்டிடின் சங்கிலி, 2,000 மூலக்கூறு எடையுள்ள பெக், பிஹெச் 8-ல சுமார் 110 நானோமீட்டர் மைசெல், அங்க லிட்டருக்கு 2.3 மில்லிகிராம் இருந்தாலே நிக்குது. பிஹெச் இறங்க இறங்க கலையுது. சிக்கல் என்னன்னா அது ரொம்ப தொட்டாச்சிணுங்கி, 7.4-லயே ஆட்டம் கண்டுடுச்சு, அதாவது ரத்தத்துலயே. மேல சொன்ன 11 பேரு பண்ற வேலை. அதுக்கு அவங்க பண்ணுன வைத்தியம் நம்ம தோசை மாவு வைத்தியம்தான், பிஹெச்சுக்கு அசையாத இன்னொரு பாலிமர், பெக்கும் பாலி லாக்டிக் ஆசிடும் சேந்தது, அத 25 சதவீதம் கலந்து இறுக்கம் ஏத்தினாங்க. அப்புறம் கலையற எடம் 7-க்குக் கீழ நகந்துச்சு. எனக்குப் பிடிச்சது இதுதான், புது மூலக்கூறு கண்டுபிடிக்கல, அளவு மாத்தி கலந்தாங்க.

அதே 2003-ல டோக்கியோவுல கசுனோரி கட்டாவோகா குழு வேற பக்கத்துலேர்ந்து வந்தாங்க. உருண்டையே கலையணும்னு என்ன கட்டாயம், மருந்த சங்கிலியோட கட்டியிருக்கற முடிச்சு மட்டும் புளிப்புல அவுந்தா போதாதான்னு. பெக், அதோட அஸ்பார்ட்டிக் ஆசிட் சங்கிலி, அதுல டாக்ஸோரூபிசின ஹைட்ரசோன்னு ஒரு பிணைப்பால தொங்க விட்டாங்க. ரத்தத்துல அந்த பிணைப்பு பிடிச்சுக்கிட்டே இருக்கும், பிஹெச் 6-க்குக் கீழ தண்ணி பட்டு உடையும். இங்க பிஹெச்ச கேக்கறது அமினோ ஆசிட் இல்ல, நடுவுல இருக்கற முடிச்சு. கட்டிக்கு வெளிய இருக்கற 6.8 இதுக்கு ஒரு பொருட்டே இல்ல, செல் விழுங்கின பிறகு 5-க்குப் போனாத்தான் வேலை.

சங்கிலி எப்படி பண்றாங்கன்னு கொஞ்சம். அமினோ ஆசிட்ட நேரடியா கோத்தா நீளம் கட்டுக்குள்ள நிக்காது, அதனால முதல்ல ஒவ்வொண்ணையும் என்-கார்பாக்ஸி அன்ஹைட்ரைடுன்னு ஒரு வளையமா மாத்துவாங்க, 1906-ல ஹெர்மன் லாய்க்ஸ் கண்டது. பெக்கோட நுனில இருக்கற அமீன்னு ஒரு நைட்ரஜன் தொகுதி ஒரு வளையத்த திறக்கும், திறந்த நுனி அடுத்தத, அது அடுத்தத, ஒவ்வொரு தடவையும் ஒரு கார்பன் டை ஆக்ஸைடு குமிழ் போகும். படிக்க சுகமா இருக்கும். ஆனா அந்த வளையத்துக்கு ஈரம்னா ஆகவே ஆகாது. நான் கடற்கரை ஊர் ஒண்ணுல ஒரு லேப்ல ப்ராஜெக்ட் பண்ணப்ப ஐப்பசி மாசம், வெளிய மழை, ஈரம் புகாம வேலை செய்யற கிளவ் பாக்ஸ் ரிப்பேரு, நைட்ரஜன் பலூன கட்டி சமாளிச்சுடலாம்னு நெனச்சு ரெண்டு வாரம் பண்ணுன மோனோமர், அதாவது அந்த வளையம், காலைல பாத்தா கரைப்பான்ல கரையாத வெள்ளைப் பசையா கெடந்துச்சு. ஹிஸ்டிடினுக்கு இதுல கூடுதல் தலைவலி, இமிடசோலே வளையத்த திறக்கப் போயிடும், அதனால அதுக்கு ஒரு முகமூடி மாட்டி, சங்கிலி முடிஞ்சப்புறம் முகமூடிய கழட்டணும், கழட்டறதுக்கு மெர்காப்டோ எத்தனால், அந்த நாத்தம் சட்டைல ஒட்டினா பஸ்ல பக்கத்து சீட்டு காலியாவே இருக்கும்.

மருந்து அடைக்கறது அத விட எளிசு. பாலிமரையும் மருந்தையும் டிஎம்எஸ்ஓங்கற கரைப்பான்ல கரைச்சு, சிறுகுடல் தோல் மாதிரி இருக்கற டயாலிசிஸ் குழாயில ஊத்தி ரெண்டு பக்கமும் கிளிப் போட்டு தண்ணி பீக்கர்ல தொங்க விடணும். கரைப்பான் வெளிய போகப் போக உள்ள மைசெல் உருவாகும், மருந்து உள்ள மாட்டிக்கும். அப்புறம்தான் எல்லா பேப்பர்லயும் வர்ற அந்த படம். ரெண்டு பீக்கர், ஒண்ணுல பிஹெச் 7.4, இன்னொண்ணுல 5. ரெண்டுலயும் செவப்புக் குழாய் தொங்கும். ரெண்டு மணி நேரம் கழிச்சு 5-ல இருக்கற பீக்கர் தண்ணி லேசா ரோஸ் கலர் ஆகும், மறுநாள் ரோஸ்மில்க், 7.4 பீக்கர் அப்பவும் தெளிவா. கிராஃப் போட்டா ரெண்டு கோடு விரிஞ்சு நிக்கும். பாக்கறவங்களுக்கு பிரமாதம்.

நானும் அப்படித்தான் சந்தோஷப்பட்டேன். எங்க சீனியர் அக்கா வந்து பாத்துட்டு, "ஏண்டா தம்பி, வெறும் மருந்த இதே ரெண்டு பீக்கர்ல தொங்க விட்டியா?"ன்னு கேட்டாங்க. விடல. விட்டுப் பாத்தா வெறும் டாக்ஸோரூபிசினே 5-ல வேகமா வந்துச்சு. அதுக்கும் ஒரு அமீன் இருக்கு, பிகேஏ, அதாவது பாதி பேரு புரோட்டான் வாங்கியிருக்கற பிஹெச், 8 பக்கம், புளிப்பு ஏற ஏற அதுவே நல்லா கரையும். என் கிராஃப்ல தெரிஞ்ச வித்தியாசத்துல எவ்வளவு என் பாலிமரோட புத்திசாலித்தனம், எவ்வளவு மருந்தோட சொந்த குணம்னு பிரிக்கவே வழியில்ல, மூணு மாச வேலை ஒரு கேள்வில போச்சு.

பீக்கர தாண்டி உடம்புக்குப் போனா கதை இன்னும் கஷ்டம். கட்டி புளிப்பா இருக்குங்கறது உண்மை, ஆனா எங்க புளிப்பு? ரத்தக்குழாய்க்குப் பக்கத்துல ஆக்ஸிஜனும் வருது, கழிவும் கழுவிப் போகுது, அங்க பிஹெச் கிட்டத்தட்ட ரத்தம் மாதிரியேதான் இருக்கும். குழாயை விட்டுத் தள்ளிப் போகப் போகத்தான் புளிப்பு. மைசெலோ 50, 100 நானோமீட்டர் குண்டன், குழாயோட ஓட்டை வழியா வெளிய வந்து ஓரத்துலயே நின்னுடுவான். புளிப்பு இருக்கற எடத்துக்கு இவன் போகமாட்டான், இவன் போற எடத்துல புளிப்பு இல்ல. அதான் 4 மடங்கையும் 250 மடங்கையும் மனசுல வெச்சுக்கச் சொன்னேன். 4 மடங்கு வித்தியாசத்த நம்பற டிசைன் கட்டியோட மனநிலைய நம்பி இருக்கு, 250 மடங்க நம்பற டிசைன் செல்லோட அன்றாட வேலைய நம்பி இருக்கு. எண்டோசோம் எல்லா செல்லுலயும் புளிக்கும், கட்டி பெருசோ சிறுசோ, ஓரமோ நடுவோ. என் காச பந்தயம் கட்டறதா இருந்தா நான் பிஹெச் 5 பக்கம்தான் கட்டுவேன்.

நல்ல செல்லும் மைசெல விழுங்குமே, அங்கயும் 5 தானேன்னு கேக்கலாம், நியாயமான கேள்வி. அதனாலதான் கட்டிக்குள்ள அதிகமா சேரணும்ங்கற கட்டாயம் மறுபடி வருது. கட்டியோட ரத்தக்குழாய் ஓட்டையா இருக்கறதால பெரிய மூலக்கூறுங்க அங்க கசிஞ்சு தங்கும்னு 1986-ல குமமோட்டோவுல மட்சுமுராவும் மேடாவும் சொன்னதுதான் இந்த மொத்த துறைக்கும் அஸ்திவாரம். 2016-ல டொராண்டோவுல வாரன் சான் குழு பத்து வருஷ பேப்பருங்கள அலசிப் பாத்து, ஊசில போன நானோ துகள்ல கட்டிக்குப் போய்ச் சேந்தது இடைநிலையா 0.7 சதவீதம்னு சொன்னப்ப பெரிய சலசலப்பு. அதுவும் பெரும்பாலும் எலியில. கணக்கு போட்ட விதம் சரியில்லன்னு எதிர்த்தவங்களும் உண்டு, ஆனா யாரும் 50 சதவீதம்னு சொல்லல.

ஆஸ்பத்திரி வரைக்கும் வந்த அமினோ ஆசிட் மைசெல்ல பெரிய பரீட்சை எழுதினது ஜப்பானோட என்கே105. பெக்கும் மாத்தி அமைச்ச அஸ்பார்ட்டிக் ஆசிட் சங்கிலியும், உள்ள பாக்ளிடாக்ஸெல். இதுல பிஹெச் சுவிட்ச் இல்லங்கறத கவனிக்கணும், மருந்து சும்மா உள்ள ஒளிஞ்சிருக்கும், மெல்ல கசியும். பரவின மார்பகப் புற்றுநோய் இருக்கற 436 பேர்கிட்ட சாதா பாக்ளிடாக்ஸெலோட ஒப்பிட்டாங்க, 2019-ல முடிவு பேப்பரா வந்துச்சு. நோய் முத்தாம இருந்த காலம் 8.4 மாசம், சாதா மருந்துக்கு 8.5. ஏறக்குறைய சமம்தானேன்னு தோணும், ஆனா "இது அத விட மோசமில்ல"ன்னு நிரூபிக்கறதுக்கு முன்கூட்டியே போட்ட கோட்ட தாண்ட முடியல, ஃபெயில். அதே சமயம் கை கால் மரத்துப் போற கடுமையான நரம்புத் தொந்தரவு சாதா மருந்துல 7.5 சதவீதம் பேருக்கு, இதுல 1.4. சட்டை பட்டன் போட முடியாம விரல் மரத்துப் போனவங்கள பக்கத்துல பாத்திருந்தா அந்த நம்பர் சின்ன நம்பரா தெரியாது. ஆனா பரீட்சைல கேட்ட கேள்வி அது இல்ல.

ஹைட்ரசோன் முடிச்சு போட்ட கட்டாவோகா வகையும் எபிரூபிசின வெச்சு, டாக்ஸோரூபிசினோட ஒண்ணுவிட்ட தம்பி அது, என்சி-6300-ன்னு மனுஷங்க மேல சோதனைக்குப் போச்சு. கொரியாவுல 2007-ல அனுமதி வாங்கின ஜெனெக்ஸால்-பிஎம் பாலிமர் மைசெல்தான், ஆனா அதுல அமினோ ஆசிடும் இல்ல, பிஹெச் சுவிட்சும் இல்ல.

நான் பிஹெச் 5 பக்கம் கட்டுவேன்னு சொன்னதுக்கு எதிரா ஒரு நல்ல சாட்சி இருக்கு, அத மறைச்சா தப்பு. டெக்சஸ்ல ஜின்மிங் காவ் குழு அமினோ ஆசிட் இல்லாத வேற பாலிமர்ல 0.25 பிஹெச் அளவுக்குள்ள ஆன் ஆஃப் ஆகற மைசெல் பண்ணாங்க. ஒரு சங்கிலி புரோட்டான் வாங்கினதும் மொத்த கூட்டமும் சேந்து கலையற மாதிரி, எங்க ஊர்ல ஒரு ஆடு தாண்டினா மந்தையே தாண்டுமே அப்படி. அதுல மருந்து இல்ல, ஒளிரும் சாயம், கட்டில போய் அவுந்தா வெளிச்சம் வரும், ஆபரேஷன் பண்ற டாக்டருக்கு எங்க வெட்டணும்னு தெரியும். மனுஷங்கள்ல 2020-ல காட்டினாங்க, கட்டி ஒளிர்ந்துச்சு. ஆக சுவிட்ச் கூர்மையா இருந்தா கட்டியோட சின்ன புளிப்பும் போதும். ஆனா வெளிச்சம் காட்ட கொஞ்சம் போய்ச் சேந்தா போதும், செல்ல கொல்ல அது பத்தாதுங்கறது என் அபிப்பிராயம். ஹிஸ்டிடின்ல அந்த மந்தைக் குணத்த கொண்டு வர்றதுதான் இப்ப எனக்கு ஆர்வமா இருக்கற எடம், பக்கத்துல எண்ணெய்த்தனமான அமினோ ஆசிட்ட எவ்வளவு நெருக்கமா வைக்கறோம்ங்கறத பொறுத்து கலையற பிஹெச் நகருது, அமினோ ஆசிட்டோட அழகே அதுல இருக்கு, 20 எழுத்து கைல இருக்கு, வேலை முடிஞ்சதும் உடம்பே வெட்டித் தின்னுடும்.

யாராவது இந்த மாதிரி ஒரு பேப்பர் அனுப்பி எப்படி இருக்குன்னு கேட்டா நான் இப்பல்லாம் அறிமுகத்த படிக்கறதில்ல, நேரா அந்த ரெண்டு பீக்கர் கிராஃபுக்குப் போவேன். கம்மி பிஹெச் 6.8-ஆ 5-ஆன்னு பாப்பேன். தண்ணில பண்ணாங்களா, ரத்த சீரத்துல பண்ணாங்களான்னு பாப்பேன், ஏன்னா சீரத்துல இருக்கற ஆல்புமின்னு ஒரு புரதம் உருண்டைல இருக்கற மருந்த பிக்பாக்கெட் அடிக்கறதுல கில்லாடி. அப்புறம் ரெண்டு கோட்டுக்குப் பக்கத்துல வெறும் மருந்தோட கோடு இருக்கான்னு பாப்பேன். நெறைய பேப்பர்ல அது இருக்காது.